செத்த காலேஜுக்கு இரண்டு முறை: எழும்பூர் அருங்காட்சியகத்தில் நான்கு குழந்தைகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல்லாவரத்தில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் இரண்டு குடும்பங்கள், மே மாத விடுமுறையில் தங்கள் குழந்தைகளைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றன. அந்த வருகை சரியாக அமையவில்லை. இரண்டு மாதங்கள் கழித்து, வேறு விதமாகத் திட்டமிட்டு, அதே குழந்தைகளுடன் அதே இடத்துக்கு மீண்டும் சென்றோம். இரண்டு முறையும் நான் உடன் இருந்தேன். தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால் முதல் வருகைக்கான திட்டத்தை வகுக்கும் பொறுப்பை இரு வீட்டாரும் என்னிடமே விட்டிருந்தார்கள். ஆகவே கீழே சொல்லப்படும் பிழைகளில் பெரும்பகுதி என்னுடையது.

முதல் குடும்பத்தில் தாய், தந்தை, ஒன்பது வயது மகள், ஆறு வயது மகன். இரண்டாவது குடும்பத்தில் தாய், பாட்டி, நான்கு வயதுச் சிறுமி, மூன்று வயதை எட்டாத அவளுடைய தம்பி. இந்தக் குடும்பத்தின் தாத்தா முந்தைய ஐப்பசியில் காலமானார். சிறுமியிடம் அப்போது என்ன சொல்லப்பட்டது என்பதை முதல் வருகைக்கு முன் நான் கேட்டு அறிந்துகொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. ஒரே வளாகத்தில் ஆறு கட்டடங்கள், நாற்பத்தாறு காட்சிக்கூடங்கள். அதன் முதல் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபர் 1855இல் அதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டினார். அந்த விலங்குகள் பின்னர் சென்ட்ரல் அருகில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கும், 1985இல் வண்டலூருக்கும் இடம் மாறின. பழைய சென்னைவாசிகள் விலங்குக் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் அழைத்தது இதனால்தான். திட்டத்தைக் கேட்டதும் பாட்டி, “செத்த காலேஜுக்கா கூட்டிட்டுப் போறீங்க?” என்றார். பிள்ளைகள் முன் அந்தச் சொல் வேண்டாமே என்று மருமகள் தடுத்தார், நானும் அவர் பக்கமே நின்றேன். இந்த நிகழ்வு முழுவதற்கும் இந்தச் சிறு தடை முக்கியமானது என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

முதல் வருகை

முதலில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்திருந்தோம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை என்பதைத் தந்தை கவனித்துச் சொன்னதால் ஞாயிறுக்கு மாற்றினோம். பல்லாவரத்தில் மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்கி, பாந்தியன் சாலை வரை சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்து, உள்ளே நுழைந்தபோது மணி பதினொன்று. மே மாத வெயிலில் அந்த நடை சின்னவனை முழுதாகக் களைப்பாக்கிவிட்டது. சிறுமி பாதி வழியில் தூக்கச் சொல்லிவிட்டாள்.

என்னுடைய திட்டம் எளிமையானது, தவறானதும்கூட. வளாகத்தின் கட்டடங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் ஒதுக்கி, இரண்டு மணிக்குள் அனைத்தையும் பார்த்துவிட்டு வெளியே வந்து உண்பது என்று வைத்திருந்தேன். இவ்வளவு தூரம் வந்து, சீட்டும் வாங்கிவிட்டு, எதையும் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் பெரியவர்கள் எல்லோருக்கும் இருந்தது.

விலங்கியல் கூடத்தில் பாடம் செய்து நிறுத்தப்பட்டிருந்த விலங்குகளின் முன் நான்கு வயதுச் சிறுமி அசையாமல் நின்றாள். கண்ணாடிக்குள் இருந்த ஒன்றைக் காட்டி, “இது ஏன் நகரவே இல்லை?” என்று தாயிடம் கேட்டாள். தாய், “தூங்குதும்மா” என்றார். கண் திறந்திருக்கிறதே என்றாள் சிறுமி. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் என்று பதில் வந்தது. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, தாயின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த அரை மணி நேரத்துக்கு அந்தப் பிடியை விடவே இல்லை.

திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டருகே நாங்கள் நின்றது ஐந்து நிமிடம்கூட இருக்காது. அங்கிருந்து வெளியேறி, செப்புத் திருமேனிகள் வைக்கப்பட்டுள்ள கட்டடத்துக்கு வந்தோம். சின்னவன் பசியால் அழுதுகொண்டிருந்தான். உட்கார இடம் தேடிப் பாட்டி பின்தங்கினார். அப்போதுதான் ஆறு வயதுச் சிறுவன் எங்களுடன் இல்லை என்பதை அவனுடைய தாய் கவனித்தார். அவர் மகன் தந்தையுடன் வருகிறான் என்று நினைத்திருந்தார், தந்தை என்னுடன் வருகிறான் என்று நினைத்திருந்தார், நான் அக்காவின் கையைப் பிடித்திருக்கிறான் என்று நினைத்திருந்தேன். நான்கு குழந்தைகளுக்கு ஐந்து பெரியவர்கள் இருந்தும் இது நேர்ந்தது.

தந்தை வந்த வழியே ஓடினார். பையன் திமிங்கிலத்தின் அருகில், நாங்கள் விட்ட இடத்திலேயே நின்றிருந்தான். தனியாக நின்றதைக் கண்ட ஒரு பணியாளர், வீட்டார் வரும்வரை அங்கேயே இருக்கும்படி சொல்லி அவனருகில் நின்றிருக்கிறார். தாய் அழுதபடி கட்டிக்கொண்டு, எங்கே போனாய் என்று கேட்டபோது, “நான் எங்கேயும் போகலை, நீங்கதான் போயிட்டீங்க” என்றான். விலா எலும்புகளை எண்ணத் தொடங்கியதாகவும் பாதியில் மறந்து இரண்டு முறை முதலிலிருந்து எண்ணியதாகவும் சொன்னான். கணக்கிட்டுப் பார்த்தால் அவன் தனித்து நின்றது எட்டு நிமிடத்துக்குக் குறையாது.

அதன் பிறகு யாருக்கும் மனம் செல்லவில்லை. ஆந்திரத்தின் அமராவதித் தூபியிலிருந்து வந்த பௌத்தச் சிற்பங்களையும் குழந்தைகளுக்கான தனிக் கட்டடத்தையும் பார்க்காமலே ஒரு மணிக்குத் திரும்பினோம்.

அடுத்த நாட்களில் கவனித்தவை

மறுநாள் இரவிலிருந்து நான்கு வயதுச் சிறுமி தூங்க மறுத்தாள். விளக்கை அணைத்தால் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். தம்பி தூங்கிய பிறகு அவனைத் தொட்டு எழுப்பினாள். நான்காம் நாள் தாய் என்னிடம் வந்து சொன்னபோதுதான், தாத்தா காலமானபோதும் சிறுமியிடம் “தாத்தா தூங்கிட்டாங்க” என்றே சொல்லப்பட்டிருந்தது எனக்குத் தெரியவந்தது. வீட்டுக் கூடத்தில் வைத்திருந்த தாத்தாவின் உடலையும் கண்ணாடிக்குள் நின்ற விலங்கையும் ஒரே சொல்லால் விளக்கியிருந்தோம். அந்தச் சொல் அவள் ஒவ்வொரு இரவும் செய்ய வேண்டிய செயலின் பெயராகவும் இருந்தது. தூங்கினால் எழ முடியாது என்று அவள் முடிவு செய்ததில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை.

இறந்தவர் திரும்ப வர மாட்டார், இறந்த உடலுக்குப் பசியோ வலியோ இல்லை, உயிருள்ள எல்லாமே ஒருநாள் இறக்கும் ஆகிய மூன்றையும் பெரும்பாலான குழந்தைகள் ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் மெல்ல மெல்லச் சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள். நான்கு வயதில் அது முழுமையாகப் புரியாது என்பது உண்மை. அதனாலேயே தூக்கம், பயணம் போன்ற மாற்றுச் சொற்கள் அந்த வயதில் அதிகக் குழப்பம் தருகின்றன. பெரியவர்கள் உருவகமாகச் சொல்வதைக் குழந்தை உள்ளது உள்ளபடியே எடுத்துக்கொள்கிறது. இத்தனை ஆண்டுகள் சிறு பிள்ளைகளுடன் இருந்த எனக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் அந்தக் கூடத்தில் தாயின் பதிலை நான் திருத்தவில்லை. அடுத்த கட்டடத்துக்கு நேரமாகிறது என்பதுதான் அப்போது என் மனத்தில் இருந்தது.

ஆறு வயதுச் சிறுவனோ வீட்டில் திமிங்கிலத்தைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. அன்று பார்த்த மற்ற அனைத்தும் அவன் நினைவில் இல்லை. ஒன்பது வயதுப் பெண் மட்டும் வேறொரு கேள்வியுடன் திரும்பியிருந்தாள்: சாமி சிலைகள் ஏன் பூவும் விளக்கும் இல்லாமல் அங்கே நிற்கின்றன?

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

ஜூன் மாத இறுதியில் பெரியவர்கள் ஐவரும் உட்கார்ந்து பேசினோம். இனி வேண்டாம், பிள்ளைகள் வளர்ந்த பிறகு போகலாம் என்றார் நான்கு வயதுச் சிறுமியின் தாய். அவருடைய தயக்கம் நியாயமானது. ஆனால் அச்சம் தொடங்கிய இடத்தைத் தவிர்த்தால், அங்கே ஏதோ இருக்கிறது என்ற எண்ணமே அவளிடம் நிலைக்கும் என்று எனக்குத் தோன்றியது. மீண்டும் போவதற்கு முன் சிறுமியிடம் உண்மையைச் சொல்வது, அதைத் தாயே சொல்வது, சொன்ன பிறகு அவளே வர விரும்பினால் மட்டும் அழைத்துச் செல்வது என்று முடிவாயிற்று.

சொல்லை எடுத்துக் கொடுத்தவர் பாட்டி. “தாத்தா செத்துட்டாரு. இனிமே வரமாட்டாரு. அவருக்கு இப்ப வலி எதுவும் இல்லை. நாம தூங்குறது வேற, அது வேற, நாம காலையில எழுந்துடுவோம்” என்று அவர் முதலில் எங்களிடம் சொல்லிக் காட்டினார். பல மாதங்களாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. நாங்கள் மே மாதத்தில் தடுத்த பழைய பெயரில் இருந்ததும் அதே சொல்தான். தாய் அன்றிரவே சிறுமியிடம் ஏறத்தாழ அதே வார்த்தைகளில் சொன்னார். சிறுமி கொஞ்சம் அழுதாள், பிறகு, “அந்தப் புலியும் செத்துப்போச்சா?” என்று கேட்டாளாம். அவள் பார்த்தது புலிதானா என்பது எங்களில் யாருக்கும் நினைவில்லை. ஆமாம், அதுவும் செத்துப்போனதுதான் என்று தாய் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது எதைப் பார்ப்பது என்பது. முதல் முறை கட்டடங்களின் வரிசையில் திட்டமிட்டோம். திமிங்கிலத்தின் முன் எட்டு நிமிடம் தானாக நின்ற சிறுவன் எனக்குக் காட்டியது வேறொன்று: குழந்தைக்குக் கூடம் என்பது பொருட்டே அல்ல, ஒரு பொருள்தான் கண்ணில் படுகிறது. ஆகவே மூன்றே பொருட்களைத் தேர்ந்தோம். திமிங்கிலம் முதலாவது. இரண்டாவது, அமராவதிச் சிற்பங்களில் உள்ள நளகிரி யானையின் வட்டச் சிற்பம். மூன்றாவது, வடக்குப்பனையூரில் கிடைத்த இராமர், சீதை, இலக்குவன், அனுமன் செப்புத் திருமேனிகளில் அனுமன்.

நளகிரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. புத்தரைக் கொல்ல மதமூட்டி ஏவப்பட்ட யானை, அவர் முன்னிலையில் அடங்கி மண்டியிடும் கதை அது. சிற்பி ஒரே வட்டத்துக்குள் யானையை இரண்டு முறை செதுக்கியிருக்கிறார்: ஒரு பக்கம் மக்களைச் சிதறடித்துக்கொண்டு வருகிறது, மறுபக்கம் பணிந்து கிடக்கிறது. மாடச் சாளரங்களிலிருந்து மனிதர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஏறத்தாழ பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் சுண்ணாம்புக் கல்லில் செய்யப்பட்டது என்றாலும், படக்கதை பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான சிற்பம் அந்த வளாகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கதையை முன்கூட்டியே சொல்லிவிட்டு, படத்தை மட்டும் காட்டாமல் அழைத்துச் செல்வது என்று வைத்துக்கொண்டோம். கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி அவர்களுக்கே இருக்கட்டும் என்பதற்காக.

தந்தை இதை ஏற்கத் தயங்கினார். மூன்று பொருளுக்காக இவ்வளவு தூரமா, பெரியவர்களை இரண்டாகப் பிரித்து மற்றவற்றையும் பார்க்கலாமே என்றார். பிரிந்தால் யாருடன் யார் என்ற பழைய குழப்பம் மீண்டும் வரும் என்பதால் நான் மறுத்தேன். என் மறுப்பு முழுக்கச் சரியல்ல என்பது பின்னர் தெரிந்தது.

குழந்தை ஒவ்வொருவருக்கும் பொறுப்பான ஒரு பெரியவர் பெயர் சொல்லி ஒதுக்கப்பட்டார். பொறுப்பை மாற்றிக்கொடுக்க வேண்டுமானால், வாங்கிக்கொள்பவர் வாய்விட்டு ஒப்புக்கொண்ட பிறகே கையை விட வேண்டும். ஐந்தாமவராகிய பாட்டிக்கு எந்தப் பொறுப்பும் தரவில்லை. வீட்டிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, ஒன்பதரைக்குத் திறந்தவுடன் நுழைந்து, பதினொன்றரைக்குள் வெளியேறுவது. எழும்பூர் நிலையத்திலிருந்து ஆட்டோவில் போவது. இவை இரண்டிலும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

இரண்டாம் வருகை

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. நான்கு வயதுச் சிறுமி வர விரும்பினாள். உள்ளே நுழைந்ததும் தாய் அவளை முதலில் பாடம் செய்த விலங்குகளிடமே அழைத்துச் சென்றார். பட்டியலில் இல்லாத ஒன்று என்றாலும் அவள் கேட்டதால். நான் சற்றுத் தள்ளி நின்று கேட்டேன்.

“இதுக்குப் பசிக்காதா?”

“பசிக்காது. செத்துப்போச்சு இல்லையா.”

“வலிக்காதா?”

“வலிக்காது. தோல் மட்டும்தான் நிஜம். உள்ளே வேற வெச்சு அடைச்சிருக்காங்க. கண்ணு கண்ணாடியில செஞ்சது.”

சிறுமி கண்ணாடிக் கண்ணை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தாயின் கையை விட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குத் தானே நடந்தாள். தாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். இருவராலும் எதுவும் பேச முடியவில்லை.

திமிங்கிலத்தின் முன் அரை மணி நேரம் இருந்தோம். ஆறு வயதுச் சிறுவனுக்குத் துணை நான். திமிங்கிலம் மீன் அல்ல, நம்மைப் போல் நுரையீரலால் மூச்சு விடுவது, குட்டிக்குப் பால் கொடுப்பது என்று சொல்லி, அதன் துடுப்புக்குள் நம் கைவிரல்களைப் போன்ற எலும்புகள் இருக்கும் என்றேன். அவன் தன் கையை விரித்துப் பார்த்தான், பிறகு சின்னவனின் கையை வாங்கி விரித்துப் பார்த்தான். குறிப்பேட்டில் அவன் வரைந்த படத்தில் திமிங்கிலத்துக்கு ஐந்து விரல் உண்டு. எலும்புகளை எண்ணி முடித்தானா என்று கேட்டேன்; அது இப்போது தேவையில்லை என்றான்.

நளகிரியைக் கண்டுபிடித்தவள் ஒன்பது வயதுப் பெண். “ரெண்டு யானை இல்லை, ஒரே யானைதான்” என்று அவளே மற்றவர்களுக்கு விளக்கினாள். சிறியவர்களுக்குச் சிற்பம் முழுதாகத் தெரியவில்லை என்பதால் மாறி மாறித் தூக்கிக் காட்டினோம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், காட்சிப் பொருட்களைத் தெளிவாகப் பார்க்க ஒரு வளர்ந்த மனிதர் எப்படியெல்லாம் குனியவும் வளையவும் வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படம் எடுத்து, அருங்காட்சியகக் களைப்பு என்று பெயரிட்டு 1916இல் கட்டுரை வெளியிட்டார். உயரம் மூன்றடிகூட இல்லாத குழந்தைக்கு அந்தக் களைப்பு எத்தனை மடங்கு என்பதை, நான்காம் முறை தூக்கியபோது என் தோள் எனக்குச் சொன்னது.

செப்புத் திருமேனிகளின் முன் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். குழந்தைகளும் கைகூப்பினார்கள். ஒன்பது வயதுப் பெண் தன் பழைய கேள்வியைக் கேட்டாள். இவை ஊர்வலத்தில் தூக்கிச் செல்வதற்காகச் செய்யப்பட்ட உற்சவ மூர்த்திகள். ஆபத்துக் காலங்களில் பகைவர் கையில் சிக்காமலிருக்கப் பலவற்றை மண்ணுக்குள் புதைத்தார்கள். புதைத்தவர்கள் போன பிறகு இடம் மறந்துபோயிற்று. நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த பல திருமேனிகள் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின் வழியாக அருங்காட்சியகத்துக்கு வந்தன என்று சொன்னேன். ஊர்வலத்தில் சென்றவை என்பதற்கு ஆதாரம் எது என்றாள். பீடத்தைப் பார் என்றேன். தண்டு கோப்பதற்கான துளைகளை முதலில் கண்டது, கண் மட்டத்தில் பீடம் மட்டுமே தெரிந்த நான்கு வயதுச் சிறுமி. பெரியவர்கள் முகத்தைப் பார்க்கிறோம். அவளுக்கு வாய்த்தது அந்தத் துளை. அதிலிருந்து தோளில் சுமக்கும் கதை முழுவதையும் பாட்டி தன் ஊர்த் திருவிழாவை வைத்து விரித்துச் சொன்னார். நான் சொல்லியிருந்தால் அதில் பாதிகூட வந்திருக்காது.

பதினொன்று நாற்பதுக்கு வெளியே வந்தோம். மரநிழலில் அமர்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம்.

பின் விளைவு

சிறுமியின் தூக்கம், உண்மையைச் சொன்ன வாரத்திலேயே சீராகத் தொடங்கி, இரண்டாம் வருகைக்குப் பின் முழுதாகச் சரியானது. இதற்கு வருகை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் தாத்தாவைப் பற்றிய பேச்சு மீண்டும் தொடங்கியதன் பங்கு பெரிது என்றே நினைக்கிறேன். தாத்தாவின் படத்துக்கு முன் நின்று அவள் இப்போது கேள்விகள் கேட்கிறாள், பாட்டி பதில் சொல்கிறார். சில கேள்விகளுக்கு எனக்குத் தெரியாது கண்ணு என்றும் சொல்கிறார்.

ஆறு வயதுச் சிறுவன் படம் வரைந்துகொண்டே இருக்கிறான். பொறுப்பு ஒதுக்கும் முறையை இரு குடும்பங்களும் இப்போது கடற்கரைக்கும் திருமண மண்டபத்துக்கும்கூடப் பயன்படுத்துகின்றன.

நிறைவேறாதவையும் உண்டு. மூன்று வயதை எட்டாத குழந்தைக்கு இரண்டு வருகையிலும் படிக்கட்டும் புறாவும் தவிர எதுவும் கிடைக்கவில்லை. அவனைச் சமாளிப்பதிலேயே ஒரு பெரியவரின் நேரம் முழுவதும் கழிந்தது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு மூன்று பொருட்கள் போதவில்லை. திமிங்கிலத்தின் முன் தம்பி அரை மணி நேரம் நின்றபோது அவள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாணயங்களைப் பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டாள், நேரமில்லை என்றேன். தந்தை முன்னரே சொன்னது அவளைப் பொறுத்தவரை சரி.

மாற்ற வேண்டியவை

வயது இடைவெளி நான்கு ஆண்டுக்கு மேல் இருந்தால் ஒரே திட்டம் எல்லோருக்கும் ஒத்துவராது. அடுத்த முறை மூத்த பெண்ணும் தந்தையும், சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்பே பேசிவைத்துக்கொண்டு, தனியே செல்வார்கள். சின்னவனுக்கு வளாகத்தின் திறந்த வெளியும் அங்குள்ள டைனோசர் உருவங்களும் போதும். அவனுடைய தாய் அவனுடன் வெளியே இருக்க, சிறுமியைப் பாட்டி அழைத்துச் செல்வார். பாட்டிக்குப் பொறுப்பு எதுவும் தராதது மரியாதை என்று நினைத்திருந்தோம். செப்புத் திருமேனிகளின் முன் அவர் பேசியதைக் கேட்ட பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

புறப்படும் முன், அண்மையில் வீட்டில் இறப்பு ஏதும் நேர்ந்ததா, குழந்தையிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று பெற்றோரைக் கேட்பதை நான் இனி விட மாட்டேன்.

மூன்றாம் வருகைக்கான பட்டியலை ஒன்பது வயதுப் பெண்ணே எழுதியிருக்கிறாள். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார் என்றும், அவர் திரட்டிய கற்கருவித் தொகுப்பை 1904இல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது என்றும் ரயிலில் திரும்பும்போது சொல்லியிருந்தேன். நம்ம பல்லாவரமா என்று இரண்டு முறை கேட்டாள். பட்டியலில் முதலாவதாக ‘நம்ம ஊர்க் கல்’ என்றும், அதற்குக் கீழே ‘நாணயம்’ என்றும், தாளின் மேல் ஓரத்தில் ‘வெள்ளிக்கிழமை வேண்டாம்’ என்றும் எழுதி என்னிடம் கொடுத்திருக்கிறாள்.